பட்டுப்போன பைன் காடுகளின் வழியே: கொலராடோ பயணக் குறிப்பு

செப்டம்பர் 8, 2025, திங்கள் – எஸ்டெஸ் பார்க்

சித்தப்பா நீலகிரியில் வனத்துறை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே பைன் வெளியிலிருந்து வந்த மரம். மெக்சிகோ நாட்டுப் பட்டுலா பைனைக் கொண்டுவந்து புல்வெளிகளில் நட்டார்கள். அது நட்ட இடத்தோடு நிற்காமல் பரவியது. அதை அகற்றச் சொல்லிக் கோப்பு எழுதுவதிலேயே சித்தப்பாவின் கடைசிப் பணிக்காலம் போயிற்று. பைனை அதன் சொந்த மண்ணில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தங்கை அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் டென்வரில் இருக்கிறாள். அவளுடைய காரை எடுத்துக்கொண்டு நானும் அவரும் கிளம்பிவிட்டோம்.

லயன்ஸ் என்ற சிற்றூருக்கு முன்னால் சாலையோரத்தில் பாலிசேட் பீச் பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். பவுண்டு 4 டாலர். விலை அதிகம்தான், ஆனால் கடித்தால் முழங்கை வரை சாறு வழிகிறது. கடைக்கார அம்மா ஒரு பழத்தை நறுக்கி முதல் துண்டைச் சித்தப்பாவிடம்தான் நீட்டினார். எங்கே போகிறோம் என்று விசாரித்தார். மலையைத் தாண்டி கிராண்ட் லேக், அப்புறம் வால்டன் என்றேன். "அந்தப் பக்கம் காடு முன்பு மாதிரி இல்லை. பச்சையை எதிர்பார்த்துப் போகாதீர்கள்" என்றார். அவர் பிறந்ததே அந்தப் பக்கமாம்.

பச்சையைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தோம். எஸ்டெஸ் பார்க் வரை ஏமாற்றமும் இல்லை. மாலையில் ஊருக்குள்ளேயே எல்க் மான்கள் கூட்டமாக மேய்ந்தன. செப்டம்பர் அவற்றின் இணைசேரும் காலம். கொம்பு விரிந்த ஆண் மான் கழுத்தை நீட்டிக் கத்தும் சத்தம் அந்த உடம்பிலிருந்து வருகிறது என்று நம்பவே முடியாது, அவ்வளவு மெல்லிய கீச்சுக்குரல். மோட்டல் அறை 168 டாலர். ஹீட்டர் வேலை செய்யவில்லை. வரவேற்பில் இருந்த பையன் எங்கிருந்தோ ஒரு சிறிய ஹீட்டரும் இரண்டு கம்பளியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கேட்காமலே 20 டாலர் குறைத்துக்கொண்டான்.

செப்டம்பர் 9, செவ்வாய் – எஸ்டெஸ் பார்க்

காலை உணவு உருளைக்கிழங்கும் பீன்ஸும் வைத்த பரீட்டோ, மேலே பச்சை மிளகாய்ச் சாறு, 11 டாலர். அந்தச் சாற்றில் பன்றி இறைச்சி போடுவது இங்கே வழக்கம். சித்தப்பா சைவம் என்றதும் பரிமாறும் பெண் சமையலறைக்குப் போய், பீன்ஸ் வேகவைத்ததில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்றுகூடக் கேட்டுவந்து சொன்னாள். சேர்க்கவில்லை. சுள்ளென்று காரமாக இருந்தது. வந்த நாளிலிருந்து சித்தப்பா ரசித்துச் சாப்பிட்டது இதைத்தான்.

மோட்டலுக்குப் பின்னால் ஒரு சரிவு, முழுக்கப் பாண்டரோசா பைன். பருத்த மரங்கள். பட்டை ஆரஞ்சு நிறத்தில் பாளம் பாளமாகப் பிளந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு அந்தப் பிளவில் மூக்கை வைத்து மோந்தால் வெனிலா வாசம் வருகிறது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மரமாக மோந்து பார்த்தார். ஒரு மரத்தின் முன்னால் மட்டும் கண்ணைத் திறந்து நின்றுவிட்டார்.

நெஞ்சு உயரத்தில், பட்டையின் மேல், விரல் நுனி அளவு பிசின் கட்டிகள். ஒன்றிரண்டல்ல, அடிமரத்தைச் சுற்றி எழுபது எண்பது இருக்கும். சில வெள்ளை, சில இளஞ்சிவப்பு. ஒவ்வொன்றின் நடுவிலும் குண்டூசித் தலை அளவில் ஓட்டை. கீழே பட்டை இடுக்குகளில் ரம்பத்தூள் மாதிரி செந்தூள் கொட்டிக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் மரம் நல்ல பச்சை.

"இது செத்துப்போச்சும்மா" என்றார்.

"பச்சையா இருக்கே சித்தப்பா?"

"அது இன்னும் இலைக்குத் தெரியல."

அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த பராமரிப்புக்காரர் எந்திரத்தை அணைத்துவிட்டு வந்தார். அவர் சொன்னதும் அதையேதான். இது மலைப் பைன் வண்டு. கறுப்பு நிறம், ஓர் அரிசி மணி அளவுதான். வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல, மரங்கள் இங்கே எவ்வளவு காலமாக இருக்கின்றனவோ அவ்வளவு காலமாக இந்த வண்டும் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் பறந்து வந்து பட்டையைத் துளைக்கும். மரம் சும்மா இருக்காது, பிசினைப் பீய்ச்சி வண்டை வெளியே தள்ளப் பார்க்கும். நாங்கள் பார்த்த கட்டிகள் அந்தச் சண்டையின் மிச்சம். ஒன்றிரண்டு வண்டு என்றால் மரம் ஜெயித்துவிடும். ஆனால் முதலில் நுழைகிற பெண் வண்டு ஒரு வாசனையை விடுகிறது. அதை மோந்துகொண்டு நூற்றுக்கணக்கில் வண்டுகள் ஓரிரு நாளில் ஒரே மரத்தின் மேல் வந்து இறங்குகின்றன. அத்தனையையும் வெளியே தள்ள எந்த மரத்திடமும் பிசின் கிடையாது. மழையில்லாத வருடம் என்றால் இன்னும் மோசம், தண்ணீர் இல்லாமல் பிசினே ஊறாது.

உள்ளே போன வண்டு தனியாகப் போவதில்லை. வாயருகே உள்ள சிறு குழிகளில் பூஞ்சையைச் சுமந்துகொண்டு போகிறது. அந்தப் பூஞ்சை மரத்தின் வெளிக்கட்டைக்குள் பரவி, தண்ணீர் மேலேறும் பாதையை அடைத்துவிடுகிறது. வண்டு இடும் முட்டையிலிருந்து வரும் புழுக்கள் பட்டைக்கு அடியில் உள்ள சதையைத் தின்று இலையிலிருந்து உணவு கீழே இறங்கும் வழியை அறுத்துவிடுகின்றன. மேலே போக வேண்டியதும் போகாது, கீழே வர வேண்டியதும் வராது. அடுத்த கோடையில் ஊசியிலைகள் செங்கல் நிறத்துக்கு மாறும். மூன்று நான்கு வருடத்தில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் சாம்பல் நிறக் கம்பமாக நிற்கும்.

சில மரங்களில் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பை ஒன்றை அடித்து மாட்டியிருந்தார்கள். அதில் இருப்பது வெர்பெனோன். ஒரு மரத்தில் இடம் நிறைந்ததும் "இங்கே இடமில்லை, வேறு மரம் பார்" என்று மற்ற வண்டுகளுக்குச் சொல்லும் வாசனை அது. வண்டு பேசும் பேச்சை வைத்தே வண்டை விரட்டுகிறார்கள். சித்தப்பா அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டம் பெருகிவிட்டால் இதற்கெல்லாம் கட்டுப்படாது என்று பராமரிப்புக்காரர் சொன்னார்.

செப்டம்பர் 10, புதன் – டிரெயில் ரிட்ஜ் சாலை

ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை முன்பதிவு இருந்தால்தான் நுழையலாம். இரண்டு மணி நேர இடைவெளி ஒதுக்குவார்கள், அதற்குள் வாசலில் நிற்க வேண்டும். நாங்கள் சரியாகத்தான் கிளம்பினோம். வழியில் எல்க் கூட்டம் சாலையில் உட்கார்ந்துவிட்டது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் இறங்கி விரட்டவில்லை. வரிசையாக நின்றோம். எங்கள் நேரம் போய்விட்டது. வாசலில் இருந்த பெண் வருத்தத்தோடு, இரண்டு மணிக்கு மேல் முன்பதிவு இல்லாமலே வரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பிற்பகலில் ஏறியதற்கு மலை தண்டனை கொடுத்தது. இந்தச் சாலையின் உச்சி 12,183 அடி. மரம் வளரும் எல்லையைத் தாண்டி, வெறும் புல்லும் பாறையுமான வெளியில் மைல் கணக்கில் போகிறது. உச்சிக்கு அருகில் வானம் கறுத்து, பட்டாணி அளவில் ஆலங்கட்டி கொட்ட ஆரம்பித்தது. காரின் கூரை உடைந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது. அதோடு சித்தப்பாவுக்குத் தலைவலி, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஒதுங்கி நின்ற காரிலிருந்து ஒருவர் ஆலங்கட்டியில் நனைந்துகொண்டே ஓடிவந்து தண்ணீர்ப் பாட்டிலும் உப்பு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு, "மெதுவாகக் குடிக்கச் சொல்லுங்கள், சீக்கிரம் கீழே இறங்குங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடினார். பெயர்கூடக் கேட்க முடியவில்லை.

ஏறும் வழியில், மழைக்கு முன்னால் பார்த்ததை எழுதாமல் விட முடியாது. மர எல்லைக்குச் சற்றுக் கீழே, காற்றில் முறுக்கிக்கொண்டு நிற்கும் லிம்பர் பைன் மரங்கள். நட்கிராக்கர் என்ற சாம்பல் நிறப் பறவை அதன் காயைக் கொத்தி விதைகளைத் தொண்டைப் பையில் நிரப்பிக்கொண்டு பறந்தது. விதைகளை மண்ணில் புதைத்து வைக்கும். மறந்துபோன விதைகள் முளைக்கும். லிம்பர் பைனை நடுவது இந்தப் பறவைதான். இந்த மரத்துக்கு வண்டோடு இன்னொரு எதிரியும் உண்டு: கொப்புளத் துரு என்ற பூஞ்சை நோய். அது அந்நியச் சரக்குதான். சுமார் 1900-ல் ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்றுகளோடு வட அமெரிக்காவுக்குள் நுழைந்து, 1998-ல் கொலராடோவில் தென்பட்டது. நோயைத் தாங்கும் மரங்களைத் தேடி அவற்றின் விதைகளைச் சேகரிக்கிறார்கள். சித்தப்பாவுக்கு இந்த வேலை மிகவும் பிடித்துவிட்டது. தலைவலியோடும் அதையே பேசிக்கொண்டு வந்தார்.

இருட்டிய பிறகு கிராண்ட் லேக். ரசப்பொடி கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் 11, வியாழன் – கிராண்ட் லேக்

விடிந்து திரையை விலக்கியதும்தான் பீச் பழக்கார அம்மா சொன்னது புரிந்தது.

ஏரிக்கு அப்பால் மலை முழுக்கக் குச்சிகள். பக்கத்தில் பக்கத்தில், நெருக்கமாக, ஒரே உயரத்தில், இலையில்லாத மரங்கள். சிலது சாம்பல் நிறம், சிலது கரிக்கட்டை. பார்வை போகிற தூரம் வரை அப்படித்தான். சித்தப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

கவுனீச்சி பள்ளத்தாக்கில் டிம்பர் கிரீக் என்று ஒரு முகாம் மைதானம் இருக்கிறது. பெயரிலேயே மரம் இருக்கிறது, மைதானத்தில் நிழலுக்கு மரம் இல்லை. வண்டு அரித்துச் செத்தவை கூடாரங்களின் மேல் விழக்கூடும் என்று வெட்டி எடுத்துவிட்டார்கள். வெட்டவெளியில் கூடாரங்கள். எதிரே ஓடை, கொலராடோ ஆறு. பெரும் பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு போகிற அந்த ஆறு இங்கே முழங்கால் ஆழத்தில் ஓடுகிறது. ஒரு தாய் மூஸ் மான் தன் குட்டியோடு நின்று தண்ணீரில் இலை மேய்ந்தது.

அங்கே வந்த ரேஞ்சரிடம் சித்தப்பா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும், அந்தப் பெண் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார். இருவரும் ஒரு மணி நேரம் நின்றே பேசினார்கள். நான் மொழிபெயர்ப்புக்கு நின்றேன். பாதிக்கு மேல் தேவைப்படவே இல்லை. பட்டை, பிசின், கூப்பு (மரம் வெட்ட ஒதுக்கும் காட்டுப்பகுதி), தீத்தடுப்புக் கோடு என்று கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான். வண்டு காலங்காலமாக இங்கேயே இருக்கிறது என்றால், இப்போது மட்டும் ஏன் இப்படி?

ரேஞ்சர் சொன்ன முதல் காரணம் காட்டின் வயது. இது லாட்ஜ்போல் பைன். நெட்டுக்குத்தாக, மெல்லியதாக வளரும். பழங்குடி மக்கள் கூடாரக் கம்பத்துக்கு இதைத்தான் எடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த மலைகளில் பெரிய தீயும் பெரிய வெட்டும் நடந்தன. ரயில் பாதைக்குக் கட்டை, சுரங்கத்துக்குக் கட்டை. அதற்குப் பிறகு முளைத்தவை எல்லாம் ஒரே வயது. தீ வந்தால் அணைத்துவிட்டார்கள், அதனால் இடையில் இளங்காடு உருவாகவில்லை. வண்டுக்குச் சின்ன மரம் ஆகாது, பட்டைக்கடியில் சதை போதாது. 80 வயதைத் தாண்டிய பருத்த மரம்தான் வேண்டும். 1990-களில் மலை முழுக்க அந்த வயதுக்கு ஒன்றாக வந்து சேர்ந்தது.

இரண்டாவது வறட்சி. 2002-ல் கொலராடோ கடுமையாகக் காய்ந்தது. மரங்களிடம் பிசின் இல்லை.

மூன்றாவது குளிர், சரியாகச் சொன்னால் குளிர் இல்லாமல் போனது. புழுக்கள் பட்டைக்கடியில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உடம்பில் கிளிசரால் சேர்த்துக்கொண்டு உறையாமல் தாங்குகின்றன. நடுக்குளிர்காலத்தில் அவற்றைக் கொல்ல மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிர் சில நாட்கள் நீடிக்க வேண்டும். அந்தக் குளிர் அரிதாகிவிட்டது. உயரமான இடங்களில் ஒரு தலைமுறை வளர இரண்டு வருடம் எடுத்துக்கொண்ட வண்டு, வெப்பம் கூடியதும் ஒரே வருடத்தில் வளர்ந்து பறக்க ஆரம்பித்தது.

இந்த மூன்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் மலை தாங்கியிருக்கும். 1996-ல் தொடங்கி 2013 வாக்கில் ஓயும்வரை கொலராடோவில் மட்டும் 34 லட்சம் ஏக்கர் காட்டில் வண்டு புகுந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1.8 கோடி ஹெக்டேர், அதாவது மொத்தத் தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம். ராக்கி மலைத்தொடர் தடுத்து நிறுத்தும் என்று நினைத்தார்கள். வண்டுகள் காற்றோடு அதையும் தாண்டி ஆல்பர்ட்டாவுக்குள் போய், ஜாக் பைன் என்ற புது வகை மரத்திலும் தொற்றிக்கொண்டன.

"நம்ம ஆளுங்ககிட்ட கேட்டா வண்டுன்னு ஒரே வார்த்தையில ரிப்போர்ட் எழுதி முடிச்சிருவாங்க" என்றார் சித்தப்பா, காருக்குத் திரும்பும்போது. "வண்டு கடைசியா வந்தது. அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் மனுசன் கணக்கு." எனக்கும் அதுதான் படுகிறது. வண்டின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டால், மருந்தடித்தால் தீரும் என்று நம்ப ஆரம்பித்துவிடுவோம். வயது, வறட்சி, வெப்பம் மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்ய வேண்டிய வேலை கண்ணுக்குத் தெரியும்.

மதியம் ஊருக்குள் ஒரு காபிக்கடை. காபி 5 டாலர், ஒரு துண்டு ஆப்பிள் பை 7 டாலர். சுவரில் 2020-ன் புகைப்படங்கள். அந்த அக்டோபர் 14-ல் பற்றிய ஈஸ்ட் டிரபிள்சம் தீ, 21-ஆம் தேதி சூறைக்காற்றில் வெறிகொண்டு, ஒரு நாளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. நேற்று நாங்கள் ஆலங்கட்டியில் மாட்டிக்கொண்ட உச்சியைப் போலவே மரமில்லாத மலைமுகட்டை, தீப்பொறிகள் காற்றில் பறந்தே தாண்டி மறுபக்கம் போய்ப் பற்ற வைத்தன. மொத்தம் 1,93,000 ஏக்கருக்கு மேல். முந்நூறுக்கும் அதிகமான வீடுகள். இந்த ஊரில் ஒரு வயதான தம்பதி வீட்டைவிட்டு வராமல் அங்கேயே இறந்துபோனார்கள்.

பட்ட மரம்தான் இவ்வளவு தீக்கும் காரணமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். சட்டென்று ஆமாம் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் யோசித்துத்தான் பேசினார். "காய்ந்த மரம் இருந்தது. ஆனால் அந்தக் காற்றுக்குப் பச்சை மரமும் நின்றிருக்காது." ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். சிவந்த இலையோடு நிற்கும்போது மரம் சுலபமாகப் பற்றும். இலை உதிர்ந்த பிறகு உச்சி வழியாகத் தீ தாவுவது குறையும், ஆனால் கீழே விழுந்து குவியும் கட்டைகள் நின்று எரியும். எல்லாவற்றுக்கும் மேல், வறட்சியும் காற்றும்தான் தீயின் வேகத்தை முடிவு செய்கின்றன. வீட்டை இழந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு நிதானமாகப் பேசிய அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி – வால்டன்

கிரான்பியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு 125-ஆம் சாலையில் வடக்கே வில்லோ கிரீக் கணவாயை நோக்கிப் போனோம். இருபுறமும் 2020-ல் எரிந்த காடு. கறுத்த தண்டுகளுக்கு அடியில் ஊதாப் பூச்செடிகள் விதை பஞ்சாகப் பறக்கக் காய்ந்து நின்றன. ஆஸ்பென் மரங்கள் வேரிலிருந்து துளிர்த்து இடுப்பளவு வந்துவிட்டன. இலை மஞ்சளாக ஆரம்பித்திருந்தது. சித்தப்பா காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். குனிந்து தேடி ஒரு விரற்கடை உயரப் பைன் கன்றைக் கண்டுபிடித்தார், அப்புறம் இன்னொன்று. லாட்ஜ்போல் பைனின் காய்கள் பல பிசினால் ஒட்டி மூடியே இருக்கும், வருடக்கணக்கில். தீயின் சூட்டில்தான் பிசின் உருகி விதை கொட்டும். ஆனால் எல்லா இடத்திலும் கன்று இல்லை. ஒரு சரிவில் அடர்த்தியாக இருந்தது, அடுத்த சரிவில் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அங்கே மண்ணே செங்கல் பொடி நிறத்துக்கு மாறியிருந்தது.

காட்டுக்குள் பிரியும் மண்சாலை ஒன்றில் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று திரும்பினோம். காற்று எழுந்தது. திரும்பி வரும்போது வழியில் ஒரு பட்ட மரம் குறுக்கே கிடந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்த இடத்தைத்தான் தாண்டிப் போயிருந்தோம். வேர் மக்கிய மரங்களுக்குப் புயல் தேவையில்லை, சாதாரணக் காற்றே போதும். காட்டில் காற்று வந்தால் மரத்துக்கடியில் நிற்காதீர்கள் என்று ஏன் அத்தனை பலகைகள் வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது உறைத்தது.

கைபேசியில் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பிக்கப் வண்டி வந்தது. தாடிக்காரர் ஒருவர் இறங்கி வணக்கம் சொல்லிவிட்டு, வண்டியின் பின்னாலிருந்து எந்திர ரம்பத்தை எடுத்தார். இந்தப் பக்கம் எல்லோரும் ரம்பம் இல்லாமல் காட்டுக்குள் வர மாட்டார்களாம். ஐந்தே நிமிடத்தில் மூன்று துண்டாக அறுத்து, சித்தப்பாவைத் தொடவிடாமல் அவரே உருட்டித் தள்ளினார். பணம் நீட்டியதற்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தார். முறுக்குப் பொட்டலத்தை நீட்டினேன், அதை வாங்கிக்கொண்டார்.

அறுத்த முகத்தைச் சித்தப்பா கூப்பிட்டுக் காட்டினார். நடுவில் வைரம் பாய்ந்த கட்டை வெளிர்மஞ்சள். அதைச் சுற்றி வெளிக்கட்டை முழுவதும் நீலம், மழைமேகத்தின் நீலம், விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கூராக இறங்கியிருந்தது. வண்டு சுமந்துவந்த பூஞ்சையின் கறை அது. பட்டையைக் கத்தியால் நெம்பினார். அடியில் மேல்நோக்கிப் போகும் நீண்ட கோடு, கீழ்முனையில் சிறு வளைவு. அந்தக் கோட்டின் இரு பக்கமும் புழுக்கள் தின்றுகொண்டு போன குறுக்கு வழிகள். இருபது வருடத்துக்கு முன்னால் நடந்தது அப்படியே பதிந்து கிடக்கிறது.

தாடிக்காரர் வால்டனில் தச்சு வேலை செய்பவர். பட்டறைக்கு அழைத்துப் போனார். இந்த நீலக் கறை மரத்தின் பலத்தைக் குறைப்பதில்லை என்று மேசைப் பலகை ஒன்றைத் தட்டிக் காட்டினார். நின்றபடி சில வருடங்களுக்குள் வெட்டிவிட்டால் நல்ல மரம், விட்டுவிட்டால் வெடித்து விறகுக்குத்தான். நால்வர் உட்காரும் சாப்பாட்டு மேசை 1,400 டாலர். ஆரம்பத்தில் நீல மரம் என்றால் யாரும் வாங்கவில்லையாம். இப்போது கொலராடோக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

குளிரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருடைய அப்பா காலத்தில் ஜனவரியில் மைனஸ் 40 அடித்து, நாள்கணக்கில் அப்படியே நிற்குமாம். ஃபாரன்ஹீட்டா சென்டிகிரேட்டா என்று சித்தப்பா கேட்டார். இரண்டிலும் மைனஸ் 40 ஒன்றுதான் என்று நான் சொன்னதும் இருவரும் சிரித்தார்கள். "டிரக்கை இரவெல்லாம் ஓடவிட்டுத்தான் தூங்குவோம். அந்தக் குளிரைத் திட்டாத நாள் இல்லை. இப்போது அது வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்" என்றார் தச்சர்.

இரவு உணவு விடுதியில் சைவம் என்றால் சுட்ட உருளைக்கிழங்கும் சாலடும்தான். 14 டாலர். சாப்பிட்டுவிட்டுப் புளியோதரையைத் திறந்தோம்.

செப்டம்பர் 13, சனி – கேமரன் கணவாய் வழியே

மழை. கணவாயின் மேல் 10,276 அடியில் சேறும் பனிமூட்டமும். கீழே இறங்கும் பூடர் பள்ளத்தாக்கு 2020-ன் இன்னொரு தீயில் எரிந்தது, கேமரன் பீக் தீ, 2,08,913 ஏக்கர். கொலராடோ வரலாற்றிலேயே பெரியது. எரிந்த மண் தண்ணீரை உறிஞ்சாது. மறு வருடம் ஜூலையில் ஒரு மழைக்கே இங்கே சேற்று வெள்ளம் பாய்ந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனது, உயிர்களும் போயின. அதனால் மழையில் இந்தச் சாலையில் எங்கும் நிற்காமல் வந்துவிட்டோம்.

ஃபோர்ட் காலின்ஸில் வெயில். ஓர் இந்தியக் கடையில் மசால் தோசை 13 டாலர். சித்தப்பா இரண்டு சாப்பிட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு – டென்வருக்கு மேற்கே

தங்கையின் தோழி ஒருத்தி மலையடிவாரத்தில் வீடு வாங்கியிருக்கிறாள். தெலுங்குப் பெண். நாங்கள் பார்த்து வந்ததையெல்லாம் தங்கை போனில் சொல்ல, எங்கள் வீட்டு மரங்களையும் மாமா ஒருமுறை பார்ப்பாரா என்று கேட்டாளாம். பெசரட்டும் இஞ்சிப் பச்சடியும் போட்டுவிட்டுத்தான் மரம் பார்க்கவே விட்டாள்.

பெரிய வண்டுக் கூட்டம் ஓய்ந்து வருடங்கள் ஆகிவிட்டாலும், டென்வரை ஒட்டிய இந்தச் சரிவுகளில் பாண்டரோசா மரங்களில் மறுபடியும் பெருகி வருகிறது. அவள் தோட்டத்தில் பன்னிரண்டு மரங்கள், நெருக்கமாக. சித்தப்பா ஒவ்வொன்றையும் சுற்றிவந்து பார்த்தார். இரண்டில் பிசின் கட்டிகளும் செந்தூளும் இருந்தன. ஒன்றில் மரங்கொத்தி பட்டையைச் செதுக்கிப் புழு தேடிய தடம். "ரெண்டும் போயிருச்சும்மா. மத்ததைக் காப்பாத்தலாம்" என்றார்.

தோழி பேப்பர் எடுத்துவந்து எழுதிக்கொண்டாள். அந்த இரண்டையும் அடுத்த ஜூலையில் வண்டு பறப்பதற்குள் வெட்ட வேண்டும். வெட்டினால் மட்டும் போதாது, பட்டையை உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்திரத்தில் கொடுத்துச் சில்லாக்க வேண்டும். விறகு என்று அடுக்கி வைத்தாலோ யாருக்காவது கொடுத்தாலோ வண்டும் கூடவே போகும். மீதி பத்தில் ஒடிசலானவை நான்கை எடுத்துவிட்டால் மற்றவற்றுக்குத் தண்ணீரும் வெளிச்சமும் கிடைக்கும். மருந்து அடிப்பதானால் ஜூன் முடிவதற்குள், புகாத மரத்துக்கு மட்டும். ஏற்கெனவே வண்டு புகுந்த மரத்துக்கு அடிப்பது வீண்.

மரம் வெட்டுபவருக்கு அவள் அங்கேயே போன் செய்தாள். பெரிய மரத்துக்கு 900 டாலர் கேட்டார். பட்டை உரிக்கத் தனி. சித்தப்பா போனை வாங்கி, பட்டையை நாங்களே உரித்துக்கொள்கிறோம், கட்டையைத் தோட்டத்திலேயே போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்ல, நான் அவரிடம் சொன்னேன். 800-க்கு ஒப்புக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னார்.